துப்பாக்கிக் கட்டையை மாற்றினால் பத்துப் புள்ளி கூடுமா?

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். விவசாயக் குடும்பம். கல்லூரியில் படிக்கும் மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தொடங்கி, இப்போது 50 மீட்டர் பாயின்ட் 22 ரைஃபிளுக்கு வந்திருக்கிறார். முறைப்படி உரிமம் வாங்கி, வால்நட் மரக்கட்டை போட்ட பழைய ஜெர்மன் ரைஃபிள் ஒன்றைக் கைமாற்றாக வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். 'மரக்கட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அலுமினியக் கட்டை மாட்டுங்கள், 60 குண்டுக்குப் பத்துப் புள்ளி ஏறும்' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 'ஒரு போகம் நெல் விற்ற பணம் சார் அது. கொடுக்கலாமா? மழைக்காலம் வந்தால் குறி இடம் மாறிப்போகிறது என்று மகள் சொல்வது மட்டும் நிஜம், நானே இலக்கு அட்டையைப் பார்த்திருக்கிறேன்' என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கட்டுரை. யாரோ சொன்ன பத்துப் புள்ளியை விட, அப்பா கண்ணால் பார்த்த அட்டையில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் அந்தப் பத்துப் புள்ளியைப் பார்த்துவிடுவோம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டி. மண்டியிட்டு, படுத்து, நின்று, நிலைக்கு 20 வீதம் 60 குண்டு. தகுதிச் சுற்றில் மகாராஷ்டிரத்தின் ஸ்வப்னில் குசாலே எடுத்தது 590, ஏழாவது இடம். மத்தியப் பிரதேசத்தின் ஐஸ்வரி பிரதாப் சிங் தோமர் எடுத்தது 589, பதினோராவது இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. குசாலே உள்ளே போய் 451.4 எடுத்து வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். தோமர் வெளியே நின்றார். இடையில் இருந்தது ஒரே ஒரு புள்ளி. வெறும் கட்டையை மாற்றிப் பத்துப் புள்ளி வாங்க முடியும் என்றால் உலகத்தில் ஒருவரும் மரக்கட்டையைத் தொட்டிருக்க மாட்டார்கள். மரக்கட்டையோடு பெரிய போட்டிகளுக்கு வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆனாலும், மோசமாகப் பொருந்திய கட்டை புள்ளியைத் தின்னும் என்பது உண்மை. எப்படித் தின்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்று நாமே முடிவு செய்யலாம்.

ரைஃபிளில் குண்டு போகும் குழாய் பேரல். அதன் பின்பக்கத்தில் பொருத்திய எஃகுப் பகுதி ஆக்‌ஷன். குண்டைப் பூட்டுவதும் வெடிக்க வைப்பதும் அதன் வேலை. இந்த இரண்டையும் தாங்கி, கன்னத்துக்கும் தோளுக்கும் கைக்கும் இடம் கொடுப்பதுதான் கட்டை. பயிற்சிக் கூடத்தில் எல்லோரும் ஸ்டாக் என்பார்கள். ஆக்‌ஷனை இரண்டு திருகுகள் கீழிருந்து கட்டையோடு பிடித்திருக்கும். பேரல் முன்பக்கம் அந்தரத்தில் நீண்டிருக்க வேண்டும். நல்ல ரைஃபிளில் பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும்.

இப்போது மரத்துக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது.

கே.ஜி.கண்டிகை வாசகருக்கு நான் சொல்லித் தர வேண்டிய அவசியமே இல்லாத ஒரு சங்கதி: கோடையில் மண்வெட்டிக் காம்பு ஆடும். காம்பு நுழையும் இரும்புக் காதுக்குள் கடகடவென்று தளரும். ராத்திரி தொட்டித் தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் கிண்ணென்று இறுகியிருக்கும். இரண்டு நாள் வெயிலில் வேலை செய்ததும் மறுபடி ஆடும். அதுவும் முன்பு ஆடியதை விட அதிகமாக. அடுத்த முறை ஊறப்போட்டாலும் பழைய பிடிமானம் வராது. கடைசியில் ஆப்பு அடிக்க வேண்டியதுதான். ஊறினால் பருக்கும் மரம், காய்ந்தால் பழைய அளவுக்குத்தானே வர வேண்டும்? ஏன் அதை விடவும் சிறுத்துப் போகிறது?

மரத்தின் செல் ஒரு நீளமான குழல். அதன் சுவரில் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் குழலின் நீளவாக்கில் ஓடுகின்றன. காற்றில் ஈரம் ஏறும்போது நீர் மூலக்கூறுகள் அந்த இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பக்கவாட்டில் விலக்குகின்றன. இழையை நீளவாக்கில் இழுக்க நீரால் முடியாது. அதனால் மரம் நீளத்தில் ஏறக்குறைய அப்படியே இருந்து, குறுக்கே மட்டும் பருக்கும். காய்ந்த மரத்தின் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரம் சேரும்வரை இது நடக்கும்; அதற்கு மேல் வரும் தண்ணீர் செல்லின் உட்குழிவில் தேங்குமே தவிர மரத்தைப் பருக்க வைக்காது. பச்சை மரம் முழுக்கக் காயும்போது கருவால்நட், வளையக் கோட்டின் திசையில் 7.8 சதவீதமும் மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் 5.5 சதவீதமும் சுருங்குகிறது. நம் தேக்கில் இதே கணக்கு 5.8, 2.5. தேக்குக் கதவு மழையிலும் அடங்கி நடப்பதன் காரணம் இந்த எண்களில் இருக்கிறது.

இனி மண்வெட்டியின் காதைப் பாருங்கள். இரும்புக் காது பருக்காது, விரியாது. உள்ளே காம்பு பருக்கப் பார்க்கிறது. போக இடமில்லை. குறுக்குவாக்கில் மரத்தை ஒன்று, ஒன்றரை சதவீதத்துக்கு மேல் அமுக்கினால் செல் சுவர்கள் மடங்கிப்போகும். அமுக்கத்தை எடுத்தாலும் முழுதாக நிமிராது. ஊறிய ராத்திரியில் நடப்பது இதுதான். வெளியே இறுக்கமாகத் தெரிகிற அந்த நேரத்தில், உள்ளே மரம் தன்னைத்தானே நசுக்கிக்கொண்டிருக்கிறது. வெயிலில் ஈரம் போனதும், நசுங்கிய அளவிலிருந்து சுருங்கத் தொடங்குகிறது. அதனால்தான் ஒவ்வொரு முறை ஊறப்போடும்போதும் காம்பு இன்னும் கொஞ்சம் சிறுக்கிறது.

மகளின் ரைஃபிளில் இரும்புக் காது எங்கே? அந்த இரண்டு திருகுகள்தான். மேலே எஃகு ஆக்‌ஷன், கீழே டிரிக்கர் காப்பு, நடுவே ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் வால்நட். திருகின் நீளம் மாறாது. திருத்தணி வட்டாரத்து மே மாதத்தை வானிலைச் செய்தி கேட்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். 40 டிகிரியைத் தாண்டிய ஊர்களின் பட்டியலில் திருத்தணி பெயர் வந்துகொண்டே இருக்கும். அந்த வறட்சியில் மரத்தின் ஈரம் 8 சதவீதம் வாக்கில் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 15-க்கு ஏறலாம். ஏழு சதவீத ஈர ஏற்றத்துக்கு வால்நட் குறுக்கே 1.3 முதல் 1.8 சதவீதம் பருக்கும். 30 மில்லிமீட்டரில் அது அரை மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் புரி உள்ள திருகுக்கு இது அரைச் சுற்று. வார்னிஷ் பூசியிருந்தால் மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும். அதுவும் திருகு ஓட்டைக்குள்ளும் பேரல் பள்ளத்துக்குள்ளும் பல கட்டைகளில் வார்னிஷே இருக்காது.

மே மாதத்தில் திருகு தளர்ந்திருப்பதைப் பார்த்து இறுக்குகிறோம். நவம்பரில் மரம் பருத்து, திருகுக்கும் எஃகுக்கும் நடுவே நசுங்குகிறது. அடுத்த மே மாதத்தில் முன்னை விடத் தளர்கிறது. மறுபடி இறுக்குகிறோம். தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்ட மண்வெட்டியின் கதையே வருஷத்துக்கு ஒரு சுற்றாக நடக்கிறது. டிரிக்கர் காப்பைக் கழற்றித் திருகுத் தலை உட்காரும் இடத்தை நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் சாட்சி கிடைக்கும்: வாஷர் அளவுக்கு ஒரு வட்டம், மற்ற மரத்தை விடக் கறுத்து, பளபளத்து, நகம் பட்டால் தட்டுப்படும் ஆழத்துக்கு இறங்கியிருக்கும். பல வருஷத்து மழையும் வெயிலும் சேர்ந்து போட்ட அச்சு.

தளர்ந்த திருகால் என்ன கெடும்? ஒவ்வொரு வெடிப்புக்கும் ஆக்‌ஷன் கட்டைக்குள் கொஞ்சம் நகர்ந்து வேறொரு இடத்தில் உட்காரும். குறி சிதறும். இறுக்கம் கூடினால் வேறு கெடுதி: மேடு பள்ளமான மரத்தின் மேல் ஆக்‌ஷன் வளைத்து உட்கார வைக்கப்படும். இதோடு பேரலுக்கு அடியில் நீளும் முன்கட்டை ஒரு பக்கமாகப் பருத்தோ முறுக்கிக்கொண்டோ பேரலைத் தொட்டுவிட்டால் இன்னொரு கோளாறும் சேரும். அதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 22 மில்லிமீட்டர் தடிமன், 66 சென்டிமீட்டர் நீளம் உள்ள எஃகு பேரல். நடுப்பகுதியில், அதாவது முன்கட்டையின் நுனி தொடும் இடத்தில், மரம் ஒரு கிலோ விசையோடு பக்கவாட்டில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். பருக்கும் மரத்துக்கு ஒரு கிலோ பொருட்டே அல்ல. பேரலின் வாய் 0.13 மில்லிமீட்டர் நகரும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பேரல் காட்டும் திசை திரும்பியதில் 50 மீட்டரில் குண்டு 11.6 மில்லிமீட்டர் தள்ளிப் போக வேண்டும்.

வேண்டும் என்றேன், உண்மையில் அவ்வளவு போகாது. ஏனென்றால் முன்குறி பேரலின் வாயருகே இருக்கிறது, பேரல் நகரும்போது அதுவும் நகர்கிறது. சுடுபவர் நகர்ந்த முன்குறியைத்தான் இலக்கோடு சேர்க்கிறார், அப்படிச் சேர்க்கும்போது தன்னை அறியாமலே ரைஃபிளை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறார். தவறில் மூன்றில் இரண்டு பங்கை அவரே திருத்திவிடுகிறார்! மிச்சம் நிற்பது 3.6 மில்லிமீட்டர். டெலஸ்கோப் மாட்டியிருந்தால் இந்தச் சலுகை கிடையாது. அது ஆக்‌ஷன் மேல் உட்கார்ந்திருப்பதால் பேரல் வளைந்ததே அதற்குத் தெரியாது, 11.6 மில்லிமீட்டரும் அப்படியே அட்டையில் விழும்.

50 மீட்டர் அட்டையில் பத்தின் வட்டம் 10.4 மில்லிமீட்டர் அகலம். குண்டு 5.6 மில்லிமீட்டர். விளிம்பைத் தொட்டாலே புள்ளி உண்டு என்பதால், குண்டின் மையம் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பத்து. அந்த 8-இல் 3.6-ஐ மழைக்காலம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அப்பா அட்டையில் பார்த்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். குண்டுக் கூட்டம் மொத்தமாக ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் முன்கட்டை தொடுகிறது. ஒதுங்காமல் பரவலாகச் சிதறியிருந்தால் திருகு தளர்ந்திருக்கிறது. பழைய அட்டைகள் வீட்டில் இருந்தால் மாதவாரியாக அடுக்கிப் பாருங்கள்.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். மரம் செய்யும் இந்தச் சேட்டை ராணுவங்களுக்கு நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரியும். வங்காளத்து இஷாப்பூரில் லட்சக்கணக்கில் செய்த லீ என்ஃபீல்டில், பேரலின் வாயருகே ஸ்பிரிங் வைத்து வேண்டுமென்றே ஒரு அழுத்தம் கொடுத்தார்கள்: மரம் எப்படியும் தொடப்போகிறது, எப்போதும் ஒரே மாதிரி தொடட்டும் என்ற யோசனை. வியட்நாமின் ஈரத்தில் அமெரிக்க மரைன் படையின் எம்-40 ரைஃபிள்களின் மரக்கட்டைகள் முறுக்கிக்கொண்டதும், 1970-களில் வந்த எம்-40 ஏ-1 கண்ணாடியிழைக் கட்டைக்கு மாறியது. விளையாட்டு ரைஃபிள்களில் அலுமினியம் பரவியது அதற்கும் பிறகு. மரம் பின்வாங்கிய கதை முழுக்க ஈரத்தின் கதைதான். அலுமினியத்தில் குண்டு இன்னும் நேராகப் போகும் என்று யாரும் கண்டுபிடித்துவிடவில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இன்றைக்கு விளம்பரங்களில் அடிக்கடி வரும் சொல் 'அதிர்வை உறிஞ்சும்' கட்டை. கார்பன் ஃபைபர் உறிஞ்சும், சிறப்பு அலுமினியக் கலவை உறிஞ்சும், உள்ளே ஊற்றிய நுரை உறிஞ்சும் என்கிறார்கள். நான் மேலே சொன்ன பேரலின் முதன்மை அதிர்வு நொடிக்குச் சுமார் 36 தடவை. ஒரு முழு ஆட்டத்துக்கு 28 மில்லிநொடி பிடிக்கும். பாயின்ட் 22 குண்டு பேரலைக் கடக்க எடுத்துக்கொள்வது மூன்று மில்லிநொடிக்கும் குறைவு. முதல் ஆட்டத்தின் பத்தில் ஒரு பங்கு முடிவதற்குள் குண்டு வெளியே போய்விட்டது. இதைவிட வேகமான அதிர்வுகளும் பேரலில் உண்டு. அவையும் அந்த நேரத்துக்குள் ஓரிரு ஆட்டம் ஆடியிருக்கும், அவ்வளவுதான். உறிஞ்சி அடக்க வேண்டுமானால் பல ஆட்டங்கள் தேவை. குண்டு போன பிறகு கட்டை எதை உறிஞ்சினாலும் அட்டையில் இருக்கும் ஓட்டை நகராது. சுடுபவரின் கன்னத்துக்கு இதமாக இருக்கும் என்றால் அது நல்லதுதான், சுகமாக இருப்பவர் நன்றாகச் சுடுவார். அதற்கு அந்தப் பெயரும் அந்த விலையும் வேண்டியதில்லை.

அப்படியானால் அலுமினியத்தால் என்ன லாபம்? விவசாயிகளுக்கு இதுவும் தெரிந்த விஷயம். காம்பு ஆடுகிற தொல்லையே வேண்டாம் என்று இரும்புக் குழாயை வெல்டு வைத்த மண்வெட்டி சந்தைக்கு வந்தது. ஆடவே ஆடாது. ஆனால் சித்திரை வெயிலில் பிடிக்க முடியாது, கல்லில் பட்டால் கை அதிரும். அலுமினியக் கட்டையிலும் நல்லதும் கெட்டதும் இப்படித்தான் சேர்ந்து வருகின்றன. ஈரம் அதை ஒன்றும் செய்யாது. அதன் முழுப் பெருமையும் அங்கேதான் இருக்கிறது, அது சின்னப் பெருமையும் அல்ல. ஆனால் வெப்பம் அதைப் பாதிக்கும். ஒரு டிகிரிக்கு எஃகு மீட்டருக்கு 12 மைக்ரான் நீண்டால் அலுமினியம் 23 மைக்ரான் நீளும். 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு திருகுகளுக்கு நடுவே, காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்றால் 0.03 மில்லிமீட்டர் இழுபறி. நன்றாகச் செய்த கட்டையில் திருகு ஓட்டை கொஞ்சம் தாராளமாக இருப்பதால் இது தொல்லை தராது; மலிவு நகல்களில் தரும். மூடிய காருக்குள் ரைஃபிளை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் எந்தக் கட்டையிலும் தரும்.

மண்வெட்டியை இன்னும் ஒரு அடி இழுக்கிறேன். கண்டிகையில் ஒருவர் காம்பு வாங்கும்போது முதலில் என்ன பார்ப்பார்? கருவேலமா வேம்பா என்று கேட்பார், சரி. ஆனால் அதற்கு முன்பே நிமிர்த்தி நிறுத்தித் தன் உயரத்துக்கு வைத்துப் பார்த்திருப்பார். அண்ணன் மண்வெட்டி தம்பிக்கு இடுப்பை ஒடிக்கும். எவ்வளவு உயர்ந்த மரமாக இருந்தாலும் நீளம் ஒத்து வராத காம்பை யாரும் வாங்குவதில்லை. துப்பாக்கிக் கட்டையில் இந்த ஒழுங்கு தலைகீழாகிப் போகிறது: முதலில் பொருளைப் பார்க்கிறார்கள், அப்புறம் நிறம், உடம்புக்குப் பொருந்துகிறதா என்பது கடைசியில் வருகிறது.

உடம்புப் பொருத்தம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கும் ஒரு எண் இருக்கிறது. குண்டின் எடை 2.6 கிராம். ரைஃபிள் 6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குண்டு பேரலுக்குள் 65 சென்டிமீட்டர் முன்னால் ஓடும்போது ரைஃபிள் பின்னால் நகர்ந்தாக வேண்டும். உந்தக் கணக்குப்படி 0.28 மில்லிமீட்டர். குண்டு வெளியேறுவதற்கு முன்பே நடந்துவிடும் நகர்வு இது. மனிதன் உணர்ந்து எதிர்வினை செய்ய நூறு மில்லிநொடிக்கு மேல் வேண்டும் என்பதால் அந்த மூன்று மில்லிநொடியில் சுடுபவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அந்த நேரத்தில் ரைஃபிளை நடத்துவது கட்டை உடம்பைத் தொட்டிருக்கும் இடங்கள் மட்டுமே. தோளில் பதியும் பின்தகடான பட் பிளேட் ஒரு விரற்கடை கீழே உட்கார்ந்தால், பேரலின் கோட்டுக்கும் தோள் தாங்கும் இடத்துக்கும் உள்ள தூரம் மாறி, பேரலின் வாய் வேறு அளவுக்கு மேலே எழும்பும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே மாதிரி எழும்பினால் குறியைத் திருத்தி வைத்துவிடலாம். குண்டுக்குக் குண்டு மாறினால் எந்தத் திருத்தமும் உதவாது.

ஒரே மாதிரி தொடுவதற்கு ஒரே வழி, உடம்பு கஷ்டப்படாமல் கட்டை தானாக அந்த இடத்துக்கு வந்து உட்காருவது. கழுத்தை நீட்டாமல் கன்னம், அதைத் தாங்கும் பகுதியான சீக் பீஸில் படிய வேண்டும், படிந்ததும் கண் பின்குறியின் துளைக்கு நேராக இருக்க வேண்டும். கண்ணை மூடி, ரைஃபிளைத் தூக்கி வைத்து, திறந்து பார்த்தால் முன்குறி வளையம் துளையின் நடுவில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் சீக் பீஸின் உயரம் சரியில்லை. கைப்பிடியிலிருந்து டிரிக்கருக்குள்ள தூரம், விரலின் நுனிச் சதை அதன் மேல் நேராகப் படிகிற அளவுக்கு இருக்க வேண்டும். பெரும்பாலான பழைய கட்டைகள் பெரிய கை உள்ள ஆண்களுக்கு அளவெடுத்தவை, நம் பெண் பிள்ளைகள் விரலை நீட்டி ஓரமாக இழுத்து ரைஃபிளை வலப்பக்கமோ இடப்பக்கமோ தள்ளிவிடுகிறார்கள். மூன்று நிலைப் போட்டியில் மண்டியிடும்போதும் நிற்கும்போதும் கழுத்தின் கோணம் வேறு வேறு. சீக் பீஸும் பட் பிளேட்டும் நிலைக்குத் தக்கபடி மாற வேண்டும், மாற்றிய அளவு கோடு போட்டுக் குறித்திருக்க வேண்டும். அலுமினியக் கட்டையின் நிஜமான இரண்டாவது பெருமை இது: எல்லாப் பகுதியும் தண்டவாளத்தில் நகர்ந்து, அளவு பார்த்து நிற்கும். ஆனால் இந்த வசதியை மரக்கட்டைக்கும் தனியாக வாங்கிப் பொருத்த முடியும்.

போட்டி விதிகளையும் முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள். 50 மீட்டர் ரைஃபிள் மொத்தம் 8 கிலோவைத் தாண்டக் கூடாது, 10 மீட்டர் ஏர் ரைஃபிள் 5.5 கிலோ. அக்குளுக்குக் கீழே வளைந்து போகும் கொக்கி வைத்த பட் பிளேட் 50 மீட்டரில் செல்லும், 10 மீட்டரில் செல்லாது. கவர்ச்சியான கட்டையை வாங்கிக்கொண்டு போய் சோதனை மேஜையில் திருப்பி அனுப்பப்படும் பிள்ளைகளின் முகம் பார்க்கச் சங்கடமானது.

ஆகவே, ஐயா, உங்கள் நெல் பணத்துக்கு என் யோசனை இது.

காசு செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள். ரைஃபிள் காலி என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, ஒரு தாளைப் பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து ஆக்‌ஷன் வரை இழுத்துக்கொண்டு போங்கள். எங்காவது சிக்கினால் அங்கே மரம் தொடுகிறது. பேரல் பள்ளத்தில் ஒரு இடம் மட்டும் தேய்ந்து மினுங்கினால் அதுவும் சாட்சி. அடுத்து, மகளின் பயிற்சியாளரிடம் நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜ் இருந்தால் அதன் நுனியைப் பேரலில் வைத்துவிட்டு முன்திருகை மெதுவாகத் தளர்த்தச் சொல்லுங்கள். முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் ஓடினால், கட்டை ஆக்‌ஷனை வளைத்துப் பிடித்திருக்கிறது.

இரண்டில் ஒன்று உறுதியானால் செய்ய வேண்டியதற்குப் பெட்டிங் என்று பெயர். திருகு ஓட்டைகளை அகலப்படுத்தி அலுமினியக் குழல்களை இறக்குவார்கள். இனித் திருகின் அழுத்தம் முழுதும் எஃகிலிருந்து குழலுக்குப் போய்விடும், மரத்துக்கு நசுங்கும் வேலையே இல்லை. பிறகு ஆக்‌ஷனுக்கு மெழுகு தடவி, அடியில் எபாக்ஸி பரப்பி உட்கார வைத்து இறுக விடுவார்கள். ஆக்‌ஷனின் ஒவ்வொரு வளைவுக்கும் அச்செடுத்தாற்போல் ஒரு படுக்கை கிடைக்கும். பேரல் பள்ளத்தைச் சுற்றிலும் சீராகச் சுரண்டி, சுரண்டிய இடத்துக்கும் வார்னிஷ் அடிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பாயின்ட் 22 என்பதால் இந்த வேலையை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். அப்படியும் புதுக் கட்டையின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

மிச்சப் பணத்தில் ஏற்றி இறக்கக்கூடிய சீக் பீஸும் பட் பிளேட்டும் வாங்குங்கள். மகளுக்குப் பொருந்தும் அளவை அவரும் பயிற்சியாளரும் சேர்ந்து கண்டுபிடிக்கச் சில மாதம் ஆகும். அந்த அளவுகள் தெரியாமல் அலுமினியக் கட்டை வாங்கினால் அதன் தண்டவாளங்களை எங்கே நிறுத்துவது என்று தெரியாது. தெரிந்த பிறகும் ஒரு நாள் மாற்றத் தோன்றினால் தயங்காமல் மாற்றலாம், அப்போது கடைக்காரர் சொல்வதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்காது. சென்னையில் குளிரூட்டிய கூடத்துக்கும் கண்டிகை வீட்டுக்கும் நடுவே வாரா வாரம் பயணம் போகிற ரைஃபிளுக்கு, ஈரம் தாக்காத கட்டை மற்ற ரைஃபிள்களை விடக் கூடுதலாகவே பயன்படும்.

இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்றும் வாங்கிவிடுங்கள். ஆலன் கீயைக் கையால் முறுக்கும்போது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் அளவு மாறும். இந்தத் திருகுகளுக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 நியூட்டன் மீட்டருக்குள் ஓர் அளவு சொல்வார்கள். ரைஃபிளோடு வந்த குறிப்பேட்டில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிங் செய்த நாளில் அந்த அளவுக்கு இறுக்கி, திருகுத் தலையிலும் பக்கத்து உலோகத்திலும் சேர்த்து ஒரு கோடு போட்டு வையுங்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை ரெஞ்சை வைத்துப் பார்த்து, கோடு எவ்வளவு விலகியது என்பதைத் தேதியோடு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். குழல் சரியாக இறங்கியிருந்தால் கோடு அங்கேயே இருக்கும். விலகியிருந்தால் வேலை செய்தவரிடம் திருப்பிக் கொண்டு போகலாம், நோட்டையும் எடுத்துக்கொண்டு.